மாமனார் கொடுத்த கோல்ஃப் செட்டும் இடப்பக்கம் ஓடும் பந்தும்

ஏற்காட்டிலிருந்து ஒரு காப்பித் தோட்டக்காரத் தம்பி கேட்டிருக்கிறார். அவர் கேள்வியின் சுருக்கம் இது. மாமனார் ஆடி முடித்துக் கொடுத்த கிளப் (கோல்ஃப் மட்டை) செட்டில் ஐந்து வருடமாக ஆடுகிறார். மாமனார் ஆறடி, இவர் ஐந்தடி ஐந்து அங்குலம், வலது கை ஆட்டம். காப்பி காயவைக்கும் களத்தில் வலை கட்டிப் பயிற்சி, மாதம் ஒருமுறை ஊட்டிக்கோ கோவைக்கோ போய் ஆட்டம். 9-ஆம் நம்பர் அயர்னும் (இரும்புத் தலைக் கிளப்), கிட்டத்தில் உயரத் தூக்கி அடிக்கும் பிட்சிங் வெட்ஜும் எப்போதும் இடப்பக்கம் போகின்றன. 4, 5 நம்பர்கள் ஓரளவு நேராகப் போகின்றன. ஊட்டியில் போகிற தூரம் கோவையில் போவதில்லை, 7-ஆம் நம்பரில் ஏழெட்டு யார்டு குறைகிறது. பெங்களூரில் ஒரு கடையில் ஆளுக்கு ஏற்பக் கிளப்பை அளந்து பொருத்தும் கஸ்டம் ஃபிட்டிங் செய்து புது செட்டே போட்டுக்கொள்ளச் சொல்கிறார்கள். போடலாமா? அதனால் ஆட்டம் நிஜமாகவே மாறுமா?

தம்பி, ஃபிட்டிங் உங்களுக்கு அவசியம் வேண்டும். புது செட் இப்போதைக்கு வேண்டாம். இரண்டும் வேறு வேறு வேலை. கடையில் இரண்டையும் ஒரே பொட்டலமாகக் கட்டித்தான் கொடுப்பார்கள், அது அவர்கள் பிழைப்பு, அதைத் தப்பு சொல்ல முடியாது. நான் சேலத்தில் லேத் பட்டறை வைத்திருப்பவன். நண்பர்களின் கிளப்புகளை வெட்டி, வளைத்து, கைப்பிடி உறையான கிரிப்பை மாற்றிக் கொடுப்பது இருபது வருடமாக என் ஞாயிற்றுக்கிழமை வேலை. அந்தக் கண்ணோடு சொல்கிறேன்.

முதலில் தூரக் கணக்கை முடித்துவிடுவோம். உங்கள் கிளப்பின் தண்டு, அதாவது ஷாஃப்ட், களைத்துப் போகவில்லை. உயரம் கூடக் கூடக் காற்று மெலிகிறது, பந்தைப் பிடித்து இழுக்கும் தடை குறைகிறது. கடல் மட்டத்திலிருந்து ஒவ்வொரு 1,000 அடிக்கும் பந்து ஏறக்குறைய 1.16 சதவீதம் கூடப் போகும் என்பது புழக்கத்தில் உள்ள கணக்கு. கோவை சுமார் 1,350 அடி, ஊட்டி சுமார் 7,350 அடி. கோவையில் 140 யார்டு போகிற பந்து இந்தக் கணக்குப்படி ஊட்டியில் 149-க்கு மேல் போக வேண்டும். குளிரில் பந்து கொஞ்சம் மந்தமாகும், அதில் ஓரிரு யார்டு போய்விடும். மிச்சம் நீங்கள் சொன்ன ஏழெட்டுதான். இன்னொன்று: மெலிந்த காற்றில் பந்தின் சுழற்சிக்கும் பிடிமானம் குறைவு, அதனால் மலையில் வளைவு கம்மி. மேலே நேராகப் போன பந்து கீழே வந்ததும் கோணலாகப் போனால் அன்றைக்குக் கை கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை.

இடப்பக்கம் போவதுதான் நிஜமான நோய். அதன் அடையாளத்தை உங்கள் கேள்வியிலேயே எழுதிவிட்டீர்கள், கவனித்தீர்களோ இல்லையோ. லாஃப்ட் என்பது பந்தில் படும் முகம் பின்னால் சாய்ந்திருக்கும் கோணம்; நம்பர் கூடக் கூட அது கூடும், கிளப் குட்டையாகும். லாஃப்ட் அதிகமான கிளப்புகள் மட்டும் இடப்பக்கம் இழுக்கின்றன, குறைவானவை நேராகப் போகின்றன. ஸ்விங் (வீச்சு) கோளாறு என்றால் பெரும்பாலும் நீளமான கிளப்பில்தான் பூதாகரமாகத் தெரியும். இங்கே தலைகீழாக இருக்கிறது. அப்படியென்றால் சந்தேகப்பட வேண்டியது லை கோணத்தை.

லை என்பது கிளப்பைத் தரையில் வைக்கும்போது ஷாஃப்டுக்கும் தரைக்கும் உள்ள கோணம். கடையில் கிடைக்கும் செட் ஏறக்குறைய ஐந்தடி ஒன்பது, பத்து அங்குல ஆளை மனதில் வைத்துச் செய்தது. உங்கள் மாமனார் ஆறடி என்பதால் அவர் செட்டை வாங்கும்போதே இன்னும் நிமிர்த்தி வாங்கியிருக்கவும் கூடும். அதை நீங்கள் பிடிக்கும்போது கை தாழ்ந்து நிற்கும், டோ என்கிற மூக்கு முனை தரையை விட்டுத் தூக்கிக்கொள்ளும், ஷாஃப்ட் பக்கத்து முனையான ஹீல் மட்டும் புல்லில் உழும். லாஃப்ட் உள்ள முகம் அப்படிச் சாய்ந்தால் அது பார்க்கும் திசை இடப்பக்கம் திரும்பிவிடும். எவ்வளவு திரும்பும் என்பதற்குப் பள்ளிக்கூடத் திரிகோணமிதி போதும்: லை பிசகைக் கிளப்பின் லாஃப்ட் கோணத்தின் டான் மதிப்பால் பெருக்குங்கள். 44 டிகிரி லாஃப்டுள்ள 9-ஆம் நம்பரில் லை 3 டிகிரி நிமிர்ந்திருந்தால் முகம் கிட்டத்தட்ட 3 டிகிரி இடது. 125 யார்டில் அது ஆறேழு யார்டு; அதாவது கொடிக்குப் பக்கத்தில் விழ வேண்டிய பந்து மணல் குழியில் கிடக்கும். அதே பிசகு 24 டிகிரி லாஃப்டுள்ள 4-ஆம் நம்பரில் பாதிகூட வராது. நாலு யார்டு இடப்பக்கம் போன 4-ஆம் நம்பரை யார் குறை சொல்லப் போகிறார்கள், கைதட்டத்தான் செய்வார்கள்.

இதை நம்ப வேண்டாம், சோதித்துப் பாருங்கள். செலவு ஒரு ஒயிட்போர்டு மார்க்கர். பந்தில் தடியாக ஒரு கோடு போட்டு, அந்தக் கோடு செங்குத்தாக நின்று கிளப் முகத்தைப் பார்க்கும்படி வைத்து 7-ஆம் நம்பரால் அடியுங்கள். கோடு முகத்தில் அச்சாகப் பதியும். முகத்தில் உள்ள பள்ளக் கோடுகளுக்கு அது நேர்க் குத்தாக நின்றால் லை சரி. கோட்டின் மேல் முனை டோ பக்கம் சாய்ந்தால் கிளப் உங்களுக்கு அதிகம் நிமிர்ந்தது. ஹீல் பக்கம் சாய்ந்தால் அதிகம் படுத்தது. பத்துப் பந்தாவது அடியுங்கள், ஒன்றை வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். ஒவ்வொரு அடிக்கும் பிறகு துடைத்துவிட்டு அடுத்ததை அடிக்க வேண்டும். அப்புறம் கிரிப்பில் ஒரு அங்குலம் கீழே இறக்கிப் பிடித்து இன்னொரு பத்து. சாய்வு குறைந்தால் நீளமும் சேர்ந்தே உங்களுக்கு ஒத்துவரவில்லை என்று தெரியும்.

நின்ற நிலையில் மணிக்கட்டிலிருந்து தரை வரை டேப்பால் அளந்து, உயரத்தோடு சேர்த்து அட்டவணையில் பார்க்கும் முறையும் உண்டு. பிங் கம்பெனியார் கிளப்பில் வைக்கும் வண்ணப் புள்ளிகள் அந்த வழியில் வந்தவை: கறுப்பு என்றால் வழக்கமான லை, சிவப்பு படுத்த பக்கம், நீலம் நிமிர்ந்த பக்கம். எங்கிருந்து தொடங்கலாம் என்று தெரிந்துகொள்ள அது நல்லது. ஆனால் அடிக்கிற கணத்தில் கை மேலே எழும், ஷாஃப்ட் கீழ்நோக்கி வளையும்; நிற்கிற அளவும் அடிக்கிற அளவும் ஒன்றாக இருப்பதில்லை. பந்தில் போட்ட கோடு பொய் சொல்லாது.

சரி, லை தப்பு என்று தெரிந்துவிட்டது. கிளப்பை வளைக்கலாமா? அது உலோகத்தைப் பொறுத்தது. உங்கள் செட்டில் குரோம் தேய்ந்த இடத்தில் துருப் புள்ளி தெரிகிறதா பாருங்கள். தெரிந்தால் உள்ளே இருப்பது கார்பன் ஸ்டீல், பெரும்பாலும் அடித்து உருவாக்கியது. இரண்டு மூன்று டிகிரி தாராளமாக வளையும். துருவே பிடிக்காத வார்ப்புத் தலை என்றால் அது பெரும்பாலும் 17-4 என்கிற ஸ்டெயின்லெஸ், 17 பங்கு குரோமியம், 4 பங்கு நிக்கல். இரும்பாலை உள்ள ஊர்க்காரனுக்கு ஸ்டெயின்லெஸ் பற்றிப் பாடம் வேண்டாம்தான், ஆனாலும் இது நம் வீட்டுப் பாத்திரத்து 304 இல்லை. 304-இல் காந்தம் ஒட்டாது, இதில் ஒட்டும். வெப்பத்தில் கெட்டிப்படுத்தியது, வளைத்தால் வில் மாதிரி திரும்பி வந்து நிற்கும். அதை ஒன்று, ஒன்றரை டிகிரிக்கு மேல் நான் தொடுவதில்லை. ஷாஃப்ட் நுழையும் கழுத்தான ஹோசலில் விரிசல் விட்டால் தலை போனது போனதுதான். வைஸில் இறுக்கிப் பைப்பைப் போட்டு நெம்பிவிடலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். தலையைத் தாங்கிப் பிடிக்கும் ஜிக் வேண்டும், பித்தளைத் தாடை வேண்டும், கோணமானி வேண்டும்.

நீளத்தைக் குறைத்தாலும் லை படுத்த மாதிரிதான் வேலை செய்யும். அரை அங்குலத்துக்கு ஒரு டிகிரி என்று வைத்துக்கொள்ளலாம். உங்கள் உயரத்துக்கு அரை அங்குலம் வெட்டி, மிச்சத்தை வளைத்துச் சரிசெய்வது என் யோசனை. வெட்டுவதில் ஒரு கண்ணி இருக்கிறது, அதில் நானே மாட்டினேன்.

என் முதல் செட்டை வெளியூர்க் கடை ஒன்றில் கொடுத்து ஒரு அங்குலம் வெட்டச் சொன்னேன். வெட்டிக் கொடுத்தார்கள், அளவும் சரியாகத்தான் இருந்தது. ஆனால் வீசினால் துடைப்பத்தைத் திருப்பிப் பிடித்து வீசுகிற மாதிரி இருந்தது. தலை எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. ஆறு மாதம் என் கையைத் திட்டிக்கொண்டே ஆடினேன். அப்புறம் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் நண்பரிடம் 7-ஆம் நம்பரை எடுத்துக்கொண்டு போனேன். வெள்ளி நிறுக்கும் தராசில் போட்டோம், 417 கிராம். அவருடைய முக்கோண அரத்தின் விளிம்பில் கிளப்பைக் கிடத்தி, இப்படியும் அப்படியும் நகர்த்தி, இரண்டு பக்கமும் சாயாமல் நிற்கும் இடத்தில் நகத்தால் கீறினார். கிரிப் முனையிலிருந்து அந்தக் கீறல் சரியாக 28 அங்குலம்.

ஸ்விங் வெயிட் என்று ஃபிட்டர்கள் சொல்வது, அதாவது வீசும்போது தலை எவ்வளவு கனமாகத் தெரியும் என்கிற அளவு, இந்த இரண்டு எண்ணில் இருக்கிறது. சமநிலைப் புள்ளியின் தூரத்தில் 14 அங்குலத்தைக் கழித்து, மிச்சத்தை மொத்த எடையால் பெருக்க வேண்டும். கிராம் அங்குலக் கணக்கில் 6,050 வந்தால் டி0. ஒவ்வொரு 50-க்கும் ஒரு புள்ளி. கடையிலிருந்து வரும் ஆண்கள் செட் பெரும்பாலும் டி0 முதல் டி2 வரை இருக்கும். என்னுடையது 14 தரம் 417, அதாவது 5,838. டி0-வுக்குக் கீழே சி9, சி8 என்று இறங்கும்; இது நாலு புள்ளி கீழே, சி6. ஒரு அங்குலம் வெட்டினால் ஆறு புள்ளி போகும் என்பதைக் கடையில் ஒருவரும் சொல்லவில்லை. ஈயப் பட்டையில் 12 கிராம் கத்தரித்து, அதே தராசில் நிறுத்து, தலையின் பின்பக்கம் ஒட்டினேன். டி1 வந்தது. அடுத்த ஞாயிறு கையில் மறுபடி ஒரு தலை முளைத்த மாதிரி இருந்தது. ஈயம் ஒட்டுவது விதிப்படி சரிதான். ஆட்டத்தின் நடுவில் ஒட்டவோ உரிக்கவோ கூடாது, அவ்வளவே. வெட்டும்போது கிரிப் முனையில் வெட்டச் சொல்லுங்கள். தலைப் பக்கம் வெட்டினால் ஷாஃப்ட் இன்னும் விறைப்பாகிவிடும்.

எப்படியும் வெட்டுவதால் கிரிப் மாற்றியாக வேண்டும், அதில் ஒரு நன்மை. மாமனார் கிரிப் இந்நேரம் பழைய சைக்கிள் டயர் மாதிரி பளபளவென்று காய்ந்திருக்கும். காய்ந்த கிரிப்பைக் கை தானாகவே இறுக்கிப் பிடிக்கும், இறுகிய கையில் ஸ்விங் வராது. தடிமனும் பாருங்கள். இடது கையால் பிடிக்கும்போது நடுவிரல், மோதிர விரல் நுனிகள் கட்டைவிரல் அடிச்சதையை லேசாகத் தொட வேண்டும். சதையில் அழுந்தினால் கிரிப் மெலிசு, இடைவெளி விட்டால் தடிசு. மெலிசான கிரிப்பில் மணிக்கட்டு கூடுதலாகச் சுழன்று பந்து இடப்பக்கம் போகும் என்பது பரவலான நம்பிக்கை. நான் சோதித்த கைகளில் பாதிப் பேருக்கு அப்படி, பாதிப் பேருக்கு ஒன்றும் ஆகவில்லை. வசதியாக இருப்பதைப் போடுங்கள். உங்கள் மலைச் சாரலுக்கும் கோவை வெயில் வியர்வைக்கும் சேர்த்து என்றால் நூல் கலந்த கிரிப் நல்லது.

இப்போது ஷாஃப்ட். இதில்தான் அதிகப் பணமும் அதிக வீம்பும் போகிறது. ரெகுலர், ஸ்டிஃப் என்று எழுதியிருக்கும் எழுத்துக்குப் பொது அளவுகோல் எதுவும் கிடையாது. ஒரு கம்பெனியின் ரெகுலர் இன்னொரு கம்பெனியின் ஸ்டிஃப் ஆக இருக்கலாம். எழுத்தை விட்டுவிட்டு எடையைக் கேளுங்கள். அந்தக் காலத்து ஸ்டீல் ஷாஃப்ட் பல 120, 130 கிராம். இப்போது 95 கிராமில் நல்ல ஸ்டீல் கிடைக்கிறது, கிராஃபைட் அதற்கும் கீழே. பதினைந்தாவது குழிக்கு மேல் உங்கள் பந்து வலப்பக்கம் நழுவத் தொடங்குகிறதென்றால், தோள் களைத்து முகம் மூடவில்லை என்று பொருள். ஷாஃப்ட் கனமாக இருக்கிறது. கடைசி வரை அதே இடப்பக்கம்தான் என்றால் ஷாஃப்டைத் தொடாதீர்கள்.

அதிகத் தூரத்துக்கு முதல் அடி அடிக்கும் நீளமான கிளப்பான டிரைவரைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். கடை டிரைவர்கள் பெரும்பாலும் 45½ அங்குலம் வாக்கில் வருகின்றன. உங்கள் உயரத்துக்கு 44½ போதும். ஒரு அங்குலம் குறைந்தால் வேகம் கொஞ்சம் போகும், ஆனால் பந்து முகத்தின் நடுவில் படும். நடுவில் பட்ட பந்துக்கு நிகராக எந்த விலை உயர்ந்த தலையும் தூரம் கொடுக்காது. முகத்தை லேசாக ஈரத்துணியால் துடைத்து முகப் பவுடரைத் தடவி ஒரு டஜன் பந்து அடித்தால் எங்கே படுகிறது என்று புள்ளி புள்ளியாகத் தெரியும். வெட்டுவதற்கு முன்னால் கிரிப்பை ஒரு அங்குலம் இறக்கிப் பிடித்து அதே சோதனையைச் செய்து பாருங்கள். பந்தைக் குழிக்குள் உருட்டும் புட்டரும் அப்படித்தான். 35 அங்குலப் புட்டர் உங்கள் வயிற்றை இடிக்கும், இல்லையென்றால் கண் பந்துக்கு நேர் மேலே நிற்காமல் கால் பக்கம் வந்துவிடும். 33 பாருங்கள்.

பெங்களூர் ஃபிட்டிங்குக்குக் கட்டாயம் போங்கள், ஆனால் மேலே சொன்னதெல்லாம் முடிந்து ஒரு பத்து ஆட்டம் ஆடிய பிறகு. போகும்போது உங்கள் பழைய கிளப்பையும் எடுத்துப் போங்கள். முதல் பதினைந்து பந்து அதில்தான் அடிக்க வேண்டும், இல்லாவிட்டால் எதோடு ஒப்பிடுவது? பந்தின் தூரம் காட்டும் மெஷின் திரையைப் பார்த்ததும் எல்லாருக்கும் வீரம் வந்துவிடும், வழக்கத்தை விடப் பலமாக வீசுவார்கள், அப்புறம் அந்த அரை மணி நேர வீரத்துக்கு ஏற்ற கிளப் வீடு வந்து சேரும். உங்கள் சாதாரண வீச்சையே வீசுங்கள். ராடாரோ கேமராவோ, எந்த மெஷினாக இருந்தாலும் உயரமும் வெப்பமும் எதற்கு வைத்திருக்கிறார்கள் என்று கேளுங்கள். பெங்களூர் சுமார் 3,000 அடி, அங்கேயே மூன்று சதவீதத்துக்கு மேல் இனாம் கிடைக்கிறது. பாயில் அடிப்பதால் பந்துக்கு முன்னால் தரையைத் தட்டிய அடிகூட நல்ல அடி மாதிரி காட்டும், அதையும் மனதில் வையுங்கள்.

இன்னொரு வித்தையும் உண்டு. புது 7-ஆம் நம்பரில் அடித்தால் பழையதை விட இருபது யார்டு கூடப் போகும், நீங்களே அசந்துபோவீர்கள். அடியில் எழுதியிருக்கும் நம்பர்தான் 7. லாஃப்டைக் கேட்டால் 28, 30 டிகிரி என்பார்கள். மாமனார் செட்டில் அது 35, 36 இருக்கும். அதாவது பழைய 5-ஆம் நம்பருக்கு 7 என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அதில் ஏமாற்று இல்லை, தலையின் எடையைக் கீழே இறக்கியதால் குறைந்த லாஃப்டிலும் பந்து எழும்பத்தான் செய்யும். ஆனால் அந்தச் செட்டில் பிட்சிங் வெட்ஜ் 43, 44 டிகிரி, உங்கள் மணல் வெட்ஜ் 56. நடுவில் 12 டிகிரி ஓட்டை. 100 யார்டுக்கு எதை எடுப்பீர்கள்? அதற்கு இன்னொரு வெட்ஜ் வாங்க வேண்டும், பையில் 14 கிளப்புக்கு மேல் கூடாது, அப்போது மேலே எதையாவது கழிக்க வேண்டும். இந்த இடைவெளிக் கணக்கைத் தானாகவே எடுத்துப் பேசும் ஃபிட்டர் கிடைத்தால் அவரிடமே வேலையைக் கொடுங்கள். தூரத்தை மட்டும் காட்டுகிறவரிடம் டீ குடித்துவிட்டு வந்துவிடுங்கள்.

ஆட்டம் மாறுமா என்று கேட்டீர்கள். 9-ஆம் நம்பரில் ஆறு யார்டு இடப்பக்கம் போகிற பந்துக்காக ஐந்து வருடமாக நீங்கள் என்ன செய்திருப்பீர்கள்? கொஞ்சம் வலப்பக்கம் பார்த்து நின்றிருப்பீர்கள், கையைத் திறந்து பிடித்திருப்பீர்கள். கிளப்பைச் சரிசெய்ததும் அந்தப் பழக்கம் உடனே போகாது. முதல் சில வாரம் பந்து வலப்பக்கம் போகும். ஃபிட்டிங் தப்பு என்று அப்போது திரும்பி வளைக்கக் கொண்டுவராதீர்கள், ஒரு மாதமாவது பொறுங்கள். வலையில் அடித்தால் பந்து எங்கே போகும் என்று தெரியாது, திறந்த இடத்தில் அடித்துப் பழகுங்கள்.

புதுக் கிரிப் வாங்கும்போது கிரிப் மாட்டும் ஷாஃப்ட் முனையின் விட்டத்தைக் காலிப்பரில் பார்த்துவிட்டு வாங்குங்கள், 0.580 அங்குலம் என்றால் 58 ரவுண்ட், 0.600 என்றால் 60. முதலில் எல்லாவற்றையும் மாற்றாமல் 7-ஐயும் 9-ஐயும் மட்டும் சரிசெய்து ஆடிப் பார்ப்போம். அந்த மார்க்கர் சோதனையைச் செய்த கையோடு, முகத்தில் விழுந்த கடைசிக் கோட்டைத் துடைக்காமல், ஒரு பழைய காலுறையை மாட்டி மலை இறக்கிக் கொண்டுவாருங்கள். இருபது கொண்டை ஊசி வளைவுக்குள் அழிந்துவிடும் என்று தோன்றினால் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.